மூன்றாவது தடவை கேட்கும்வரை

என் கணவர் செல்மர் ப்ரெக்கே சோளத்தை டப்பாவில் அடைக்கும் ஆலை நடத்தியவர், மினசோட்டா சட்டசபையில் இருந்தவர், வாஷிங்டன் காங்கிரசில் பல வருஷம் உட்கார்ந்தவர், கடைசியில் நார்வே நாட்டுக்கு அமெரிக்கத் தூதராகப் போனவர். பத்திரிகைக்காரர்கள் இதை ஒரே மூச்சில் எழுதிவிடுகிறார்கள். படிக்கிறவர்களுக்கு, ஏணியில் தானாகவே ஏறிப்போன மனிதர் மாதிரி தோன்றும். ஒவ்வொரு படியிலும் பின்னாலிருந்து நெட்டித் தள்ளியவள் நான். என் பேச்சை எந்தப் பத்திரிகையும் எடுக்கவில்லை.

குற்றம் அவருடையது மட்டும் இல்லை. எங்கள் ஹால்வர் ஏரி ஊரே அப்படித்தான். இங்கே பாதிப் பேர் நார்வேயிலிருந்து கப்பலேறி வந்தவர்களின் பிள்ளைகள். ஒருவரிடம் காபி வேண்டுமா என்று கேட்டால், முதல் தடவை வேண்டாம் என்பார். இரண்டாவது தடவை, உங்களுக்கு எதற்குச் சிரமம் என்பார். மூன்றாவது தடவையும் கேட்டால், "போட்டு வெச்சிருந்தா அரைக் கோப்பை குடுங்க" என்பார். அப்புறம் மூன்று கோப்பை குடித்துவிட்டுத்தான் எழுந்திருப்பார். முதல் தடவையே சரி என்று கையை நீட்டுகிறவனை இவர்கள் வளர்ப்பு சரியில்லாதவன் என்று நினைப்பார்கள். ஒரே தடவை கேட்டுவிட்டு நிறுத்திக்கொள்கிறவனைக் கஞ்சன் என்று நினைப்பார்கள்.

நான் சிகாகோவில் பிறந்தவள். போலந்திலிருந்து வந்த என் அப்பா அங்கே இறைச்சிக் கடை வைத்திருந்தார். எங்கள் வீட்டில் பசித்தால் பசிக்கிறது என்போம், கோபம் வந்தால் தட்டு பறக்கும். அந்த வீட்டுக்குத்தான் இருபத்திரண்டு வயது செல்மர் சோள டப்பா விற்க வந்தார். ரயிலில் ராத்திரி முழுக்க ஒன்றும் சாப்பிடாமல் வந்த முகம். அப்பா ஒரு தட்டு நிறைய வறுத்த சாசேஜும் முட்டைக்கோசும் வைத்து, "சாப்பிடு தம்பி" என்றார். செல்மர், "வேண்டாங்க" என்றார். அப்பா சரி என்று அந்தத் தட்டை இழுத்துத் தானே சாப்பிட ஆரம்பித்துவிட்டார். அந்தத் தட்டு நகர்ந்துபோனதைச் செல்மர் பார்த்த பார்வை இருக்கிறதே, அதைப் பார்த்துத்தான் எனக்கு இந்த மனிதர் மேல் இரக்கம் வந்தது. இரக்கம் எங்கே கொண்டுபோய் விடும் என்று உங்களுக்குத் தெரியும்.

அடுத்த வருஷம் பூங்காவில் உட்கார்ந்துகொண்டு, "ஹலீனா, உனக்கு மினசோட்டா பக்கம் வந்து இருக்கறதுல எல்லாம் விருப்பம் இருக்காது, இல்ல?" என்று கேட்டார். கல்யாணம் பேசுகிற லட்சணம் அது. நான், "இருக்கு" என்றேன். மனிதர் திடுக்கிட்டுப் போனார். இன்னும் இரண்டு தடவை கேட்பதற்கு வாக்கியம் யோசித்து வைத்திருந்தாராம். அது வீணாகிவிட்டது என்று வெகு நாள் குறைப்பட்டுக்கொண்டார்.

இனி அவருடைய அக்காவைப் பற்றிச் சொல்ல வேண்டும், ஏனென்றால் எல்லாம் அங்கேதான் போய் முடிகிறது.

செல்மரின் அப்பாவும் அம்மாவும் நார்வேயில் கப்பலேறப் போன அன்று, அவர்களுடைய ஒரே மகள் குன்வோருக்கு அம்மை கண்டிருந்தது. நடக்கத் தெரிந்த குழந்தை, அவ்வளவுதான். கப்பல் டாக்டர் ஏற்ற மாட்டேன் என்றுவிட்டார். பயணச் சீட்டுப் பணம் திரும்பி வராது. குழந்தையைத் தாத்தாவிடம் விட்டு, அடுத்த வருஷம் அழைத்துக்கொள்கிறோம் என்று கிளம்பினார்கள். அடுத்த வருஷம் விளைச்சல் இல்லை. அதற்கு அடுத்த வருஷம் கொட்டகை எரிந்தது. அப்புறம் செல்மரைப் பெற்றுப் போட்டுவிட்டு அம்மா கண்ணை மூடினார். அதற்குப் பிறகு அப்பா அந்தப் பெண்ணின் பெயரை வாய்விட்டுச் சொல்லவே இல்லை. அவர் செத்த பிறகுதான், தனக்கு ஓர் அக்கா உயிரோடு இருக்கிறாள், மலையடியில் ஒரு பண்ணையில் தனியாக ஆடு மேய்த்துக்கொண்டிருக்கிறாள் என்பதே செல்மருக்குச் சரியாகத் தெரிந்தது.

அப்போது ஆலை நன்றாக ஓடிக்கொண்டிருந்தது. எங்களுக்குப் பிள்ளை இல்லை, வீடோ பெரியது. எங்களோடு வந்து இருந்துவிடு என்று அக்காவுக்கு எழுதினார். அழைத்ததற்கு நன்றி, இங்கே சௌகரியமாகத்தான் இருக்கிறது, சிரமம் வேண்டாம் என்று பதில் வந்தது. இரண்டு வருஷம் கழித்து மறுபடி எழுதினார். மறுபடி அதே பதில். மூன்றாவது தடவை எழுத உட்கார்ந்த அந்த வசந்தத்தில் ஜெர்மன்காரர்கள் நார்வேக்குள் நுழைந்தார்கள். தபால் நின்றுபோனது.

போர் முடிந்ததும், "இப்ப எழுது" என்றேன்.

"இப்ப எப்படிக் கேக்கறது?" என்றார். "அஞ்சு வருஷமா பட்டினி கெடந்திருக்கா. இப்பப் போயி வான்னு சொன்னா, பரிதாபப்பட்டுக் கூப்பிடறான்னு நெனச்சுக்க மாட்டாளா?"

அதனால் மூட்டை மூட்டையாகக் காபிக் கொட்டையும் பெட்டி பெட்டியாக எங்கள் சோள டப்பாவும் அனுப்பினார். ஒவ்வொரு கிறிஸ்துமசுக்கும் அவளிடமிருந்து ஒரு அட்டை வரும். பனி அதிகம், பனி குறைவு, பார்சலுக்கு நன்றி, அவசியமே இல்லை. இவரும் பனியைப் பற்றியே பதில் எழுதுவார். உடன்பிறந்த இரண்டு பேர் வருஷக்கணக்காக வானிலை அறிக்கை பரிமாறிக்கொண்டார்கள்.

எனக்குப் பொறுக்காது. "டிக்கெட் எடுத்து நேராப் போயி நில்லேன் மனுஷா! காசு இல்லையா, காலு இல்லையா?"

"அவளுக்காகவே அவ்வளவு தூரம் வந்தேன்னு தெரிஞ்சா சங்கடப்படுவா ஹலீனா. அந்தப் பக்கமா வந்தேன், அப்படியே எட்டிப் பாத்தேன்னு சொல்ற மாதிரி இருக்கணும்."

"அமெரிக்காவுலேருந்து எவன் அந்தப் பக்கமா போவான்?"

கொஞ்சம் யோசித்துவிட்டு, "தூதரா இருந்தா போகலாம்" என்றார்.

விளையாட்டுக்குச் சொல்கிறார் என்று நினைத்தேன். இல்லை. இந்த மனிதர் காங்கிரசில் உட்கார்ந்ததும், செனட் தேர்தலில் நின்று தோற்றதும், புதிய ஜனாதிபதிக்காக ஒரு குளிர்காலம் முழுக்க ஒவ்வொரு பால் பண்ணையாக ஏறி இறங்கி வோட்டுக் கேட்டதும், உள்ளுக்குள் அந்த ஒரு வேலையை நினைத்துத்தான். அவருக்கு ஐம்பத்தேழு வயது. அக்காவுக்கு அறுபத்தைந்துக்கு மேல். இதைவிட்டால் வேறு வழி அவருக்குத் தெரியவில்லை, எனக்கும் அவரை மாற்றத் தெரியவில்லை.

ஜனாதிபதி பதவியேற்ற பிறகு, மார்ச் மாதத்தில் ஒருநாள் காலை, வாஷிங்டனிலிருந்து டெலிபோன் வந்தது. எங்கள் ஏரிக்கரைச் சாலையில் எட்டு வீட்டுக்கும் சேர்த்து ஒரே கம்பி, வீட்டுக்கு ஒரு மாதிரி மணி. காங்கிரசில் இருந்தபோதே தனிக் கம்பி போடச் சொன்னேன். ஊர் என்ன நினைக்கும் என்று வேண்டாம் என்றார். அதனால் எங்களுக்கு யார் பேசினாலும் எட்டு வீட்டிலும் ரிசீவர் தூக்கப்படும்.

நான் அடுப்படியில் இருந்தேன். அவர் பேசுவது மட்டும் காதில் விழுந்தது.

"அடடா... அவ்வளவு பெரிய எடமா... என்னைவிடத் தகுதியானவங்க எத்தனையோ பேரு இருப்பாங்களே... இல்லல்ல, நான் யாருக்கும் சிரமமா இருக்கக் கூடாது... சரிங்க. சரிங்க. வணக்கம்."

வந்து உட்கார்ந்து கஞ்சியில் வெண்ணெய் போட்டுக் கலக்கினார். முகம் கல்யாண மாப்பிள்ளை மாதிரி இருந்தது.

"வாஷிங்டன்லேருந்து. ஒஸ்லோவுக்குத் தூதராப் போறியான்னு கேக்கறாங்க."

கரண்டி கையிலிருந்து நழுவியது. "நீ என்ன சொன்னே?"

"வேண்டாம்னு சொன்னேன்."

"என்னது?"

"மொதத் தடவைதானே ஹலீனா? நாளைக்கி மறுபடி கூப்பிடுவாங்க."

நான் தலையில் அடித்துக்கொண்டேன். வாஷிங்டனில் பன்னிரண்டு வருஷம் இருந்த மனிதர் இவர். மற்றவர்கள் சொல்லும் வேண்டாமை எல்லாம் நூல் பிடித்த மாதிரி அளந்து சொல்வார். இவன் விலை ஏற்றுகிறான், அவன் பயப்படுகிறான், இவனுக்கு நிஜமாகவே வேண்டாம். தன் வேண்டாமை மட்டும் உலகம் முழுக்க ஹால்வர் ஏரியில் எடுத்துக்கொள்கிற மாதிரியே எடுத்துக்கொள்ளும் என்று நம்பினார்.

ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்தில் ஆராதனை முடிந்து, கீழ்த்தளத்தில் காபி ஊற்றும்போது ஊரே அவரைப் பாராட்டியது. எங்கள் பக்கத்து வீட்டு ஜெர்டா டோலெஃப்சன்தான் எட்டு வீட்டிலும் அதிகமாக ரிசீவர் தூக்குகிறவள். அவள் அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"ரொம்ப மரியாதையா சொன்னே செல்மர். 'யாருக்கும் சிரமமா இருக்கக் கூடாது'ன்னியே, எனக்குக் கண்ணுல தண்ணியே வந்துடுச்சு."

"ஒட்டுக் கேட்டுட்டு அழ வேற செஞ்சியா?" என்றேன்.

"எங்க வீட்டு மணியாக்கும்னு எடுத்தேன்" என்றாள், கொஞ்சமும் கூசாமல். "இன்னும் ரெண்டு தடவைதானே. எல்லாரும் லைனைக் காலியா வெச்சிருக்கணும்னு சொல்லியிருக்கேன்."

அப்படியே செய்தார்கள். கால்நடை டாக்டரைக் கூப்பிட வேண்டியிருந்த ஒருவன் மாட்டை விட்டுவிட்டு ஊருக்குள் வண்டி ஓட்டிக்கொண்டு போனான். ஜெர்டா தன் தங்கையோடு பேசாமல் இருந்தாள், அது இங்கே யாரும் கண்டிராத அதிசயம். எட்டு வீடும் மணி அடிப்பதற்காகக் காத்திருந்தது. மணி அடிக்கவில்லை.

பத்து நாள் கழித்துப் பத்திரிகையில் இரண்டு வரி வந்தது. ஒஸ்லோவுக்குப் பென்சில்வேனியாவைச் சேர்ந்த ஒரு தொப்பி ஆலை முதலாளியை யோசிக்கிறார்கள் என்று. செல்மர் படித்தார், மடித்து வைத்தார், கோட்டைப் போட்டுக்கொண்டு ஆலைக்குப் போனார். மத்தியானச் சாப்பாட்டுக்கு வரவில்லை. நான் தேடிப் போனேன்.

கிடங்கில், அடுக்கி வைத்த அட்டைப்பெட்டிகளுக்கு நடுவில் ஒரு கவிழ்த்த வாளியின் மேல் உட்கார்ந்திருந்தார். கையில் ஒரு சோள டப்பா. அதன் விளிம்பைக் கட்டைவிரலால் தடவிக்கொண்டே இருந்தார். சோளக் காலம் இல்லாததால் ஆலையில் சத்தமே இல்லை.

"ஒரு தடவைதான் கேட்டாங்க ஹலீனா" என்றார்.

திட்டுவதற்கு என்றே வந்தவள் நான். பக்கத்தில் ஒரு பெட்டியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன்.

"மணி அடிக்கும் அடிக்கும்னு பத்து நாளா உக்காந்திருந்தேன். பாத்ரூமுக்குப் போனாக்கூட கதவைத் தொறந்து வெச்சுட்டுப் போனேன். எனக்கு வேணும்னு அவங்களுக்கு எப்படித் தெரியாமப் போச்சுன்னு கோவமா வந்துச்சு." டப்பாவைக் கீழே வைத்தார். "அப்புறம்தான் நெனச்சேன். குன்வோரும் இப்படித்தானே உக்காந்திருப்பா? ரெண்டு தடவை கேட்டவன் மூணாவதைக் கேக்கவே இல்லையேன்னு. நான் பத்து நாள். அவ இருபது வருஷத்துக்கும் மேல."

அவர் அழுது நான் அதற்கு முன் பார்த்ததில்லை. அன்றைக்கும் அழவில்லை, ஆனால் அழுதிருந்தால் எனக்கு இவ்வளவு வலித்திருக்காது.

வீட்டுக்கு வந்து கோட்டைக்கூடக் கழற்றாமல் டெலிபோனை எடுத்தேன். செல்மரைக் கூப்பிட்ட ஆளின் பெயர் ஆல்டன் ப்ரைஸ். அவரைப் பிடிப்பதற்குள் நாலு காரியதரிசிகளிடம் கத்த வேண்டியிருந்தது. கம்பியில் கிளிக் கிளிக் என்று ஒவ்வொரு வீடாக ரிசீவர் எழும்புவது கேட்டது. கேட்கட்டும் என்று விட்டேன்.

"மிஸஸ் ப்ரெக்கே, உங்க வீட்டுக்காரர் மறுத்ததுல ஜனாதிபதிக்கும் வருத்தம்தான்" என்றார் ப்ரைஸ், வெண்ணெய் தடவின குரலில்.

"அவரு மறுக்கலை சார்."

"என் காதால கேட்டேனே. வேண்டாம்னு சொன்னாரே."

"எங்க ஊர்ல வேண்டாம்னா இன்னொரு தடவை கேளுன்னு அர்த்தம் சார். ரெண்டாவது வேண்டாமுக்கும் அதே அர்த்தம்தான். மூணாவது தடவை கேட்டாத்தான் பதிலே வரும்."

"மேடம், நான் இந்த மாதிரி கேள்விப்பட்டதே இல்ல."

அப்போது கம்பிக்குள்ளிருந்து ஒரு குரல், "அவ சொல்றது நெசம் சார்" என்றது. ஜெர்டா.

"யாரது?" என்றார் ப்ரைஸ்.

"பக்கத்து வீடு. மணி தவறி அடிச்சுடுச்சுன்னு எடுத்தேன். எங்க வீட்டுக்காரரு என்னைக் கட்டிக்கறியான்னு கேட்டப்போ நானும் ரெண்டு தடவை வேண்டாம்னுதான் சொன்னேன். நாப்பது வருஷம் ஆச்சு, நல்லாத்தான் இருக்கோம்."

"எல்லாரும் அப்படித்தான் சார்" என்று இன்னொரு குரல், மாட்டுக்காரனுடையது. "செல்மர் நல்ல ஆளு. மோசமில்ல."

மோசமில்லை என்பது இங்கே ஒருவருக்குத் தரக்கூடிய மிகப் பெரிய பட்டம். ப்ரைசுக்கு அது எங்கே தெரியப்போகிறது. சிரிப்பை அடக்கிக்கொண்டு சொன்னார்: "மிஸஸ் ப்ரெக்கே, கோபிச்சுக்காதீங்க. மனசுல இருக்கறதைச் சொல்லத் தெரியாத ஒருத்தரை வெளிநாட்டுக்கு எப்படி அனுப்பறது?"

எனக்கு ரத்தம் கொதித்தது. ஆனால் ஆத்திரத்தில்தான் எனக்குப் புத்தி நன்றாக வேலை செய்யும்.

"நீங்க அனுப்பப்போற நாடு முழுக்க இப்படித்தான் சார் இருக்கும். இவங்க அதை அங்கேருந்துதான் கொண்டுவந்தாங்க. அந்த ஊர் மந்திரி வேண்டாம்னு சொன்னா அது எந்த வேண்டாம்னு உங்க தொப்பிக்காரருக்குத் தெரியுமா? மொத வேண்டாமுக்கே பெட்டியக் கட்டிக்கிட்டு வந்துடுவாரு. செல்மருக்குத் தெரியும். அவரு பொறந்ததுலேருந்து அந்த ஒரு பாஷையத்தான் பேசறாரு."

கம்பியில் எட்டு வீடும் மூச்சுப் பிடித்துக்கொண்டிருந்தது.

"நாளைக்குக் காலையில கூப்பிடறேன்" என்றார் ப்ரைஸ்.

"ரெண்டு தடவை கூப்பிடுங்க" என்றேன்.

மறுநாள் கூப்பிட்டார். செல்மர், "என்னை ஞாபகம் வெச்சிருந்ததே பெரிசுங்க, உங்களுக்கு எதுக்குச் சிரமம்" என்று வைத்துவிட்டார். நான் ரொட்டி உருட்டும் கட்டையைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றேன். கால் மணி நேரத்தில் மறுபடி மணி அடித்தது. இந்தத் தடவை செல்மர் ரொம்ப நேரம் கேட்டுக்கொண்டிருந்தார். தொண்டையைச் செருமினார்.

"சரிங்க, வேற யாரும் கெடைக்கலேன்னா..."

"அது ஆமாங்களா?" என்று ப்ரைஸ் கேட்டது எனக்கே கேட்டது. செல்மர் வாயைத் திறப்பதற்குள் கம்பி முழுக்க ஏழு வீட்டுக் குரலும் ஒன்றாக, "ஆமா!" என்று கத்தின.

ஒஸ்லோவில் செல்மரின் நார்வே மொழியைக் கேட்டு முதலில் சிரித்தார்கள். அப்பா பேசியதைக் கேட்டு வளர்ந்த பேச்சு அது. நீண்ட வால் கோட்டில் நிற்கும் அமெரிக்கத் தூதர், எழுபது வருஷத்துக்கு முந்தைய பண்ணையாள் மாதிரி பேசினார். ஆனால் அந்த ஜனங்களுக்கு அவரைப் பிடித்துப்போய்விட்டது. மீன் வியாபார ஒப்பந்தப் பேச்சில் அவர்கள் இரண்டு தடவை முடியாது என்றதும் வாஷிங்டனிலிருந்து வந்த வக்கீல்கள் காகிதங்களைப் பைக்குள் திணித்தார்கள். செல்மர் அவர்களை உட்கார வைத்து, எல்லோருக்கும் இன்னொரு கோப்பை காபி ஊற்றச் சொல்லி, அதே கேள்வியை மெதுவாக மறுபடியும் கேட்டார். அன்று மாலையே கையெழுத்தாயிற்று. ப்ரைஸ் அதற்கு எனக்குப் பூங்கொத்து அனுப்பினார், அவருக்கு அனுப்பவில்லை.

எல்லாம் சரி. அக்காவைப் பார்க்க மட்டும் போகவில்லை. வேலை அதிகம் என்றார். பனி கரையட்டும் என்றார். பனி கரைந்தது, அறுவடை நேரத்தில் போய்த் தொந்தரவு செய்யக் கூடாது என்றார். அவர் பயப்படுகிறார் என்று எனக்குப் புரிந்தது. கேட்டு, அவள் வேண்டாம் என்று சொல்லி, அது நிஜமான வேண்டாமாகவே இருந்துவிட்டால்? உலகத்தில் எல்லாருடைய வேண்டாமையும் படிக்கத் தெரிந்தவருக்கு அந்த ஒன்றைப் படிக்கத் துணிச்சல் இல்லை.

இலையுதிர் காலத்தில், அக்கா இருக்கும் மாவட்டத்துக் கடற்கரை ஊர் ஒன்றில் புதிதாக மத்தி மீனை டப்பாவில் அடைக்கும் ஆலை திறந்தார்கள். டப்பாத் தொழில் தெரிந்த தூதர் என்று அவரைக் கூப்பிட்டார்கள். அழைப்பைப் பார்த்ததும் நான் பெட்டி கட்டிவிட்டேன். "இப்ப அந்தப் பக்கமாத்தான் போறோம்" என்றேன்.

ஆலையைத் திறந்துவிட்டு, படகில் காரை ஏற்றி ஒரு நீரிணையைக் கடந்து, மலையோரமாகப் போனோம். சாலை குறுகிக்கொண்டே போய் ஒரு மர வீட்டின் முன்னால் வந்து நின்றது. வாசலில் உயரமான ஒரு கிழவி, ஏப்ரனில் கையைத் துடைத்துக்கொண்டு நின்றாள். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. செல்மருக்குப் பாவாடை கட்டிவிட்ட மாதிரி இருந்தாள்.

செல்மர் தொப்பியை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டார். "இந்தப் பக்கமா வந்தோம். அப்படியே எட்டிப் பாக்கலாம்னு."

குன்வோர் அவரை ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு எங்கள் காரை, அதற்குப் பின்னால் சாலையை.

"ரோடு இங்கயே முடிஞ்சுடுதே" என்றாள்.

உள்ளே போனோம். காபி குடிக்கிறீர்களா என்று கேட்டாள். செல்மர் வேண்டாம் என்றார். மறுபடி கேட்டாள், சிரமம் எதற்கு என்றார். என் ஆயுளில் முதல் தடவையாக நானும் அவரோடு சேர்ந்து இரண்டு தடவை வேண்டாம் என்றேன். மூன்றாவது தடவை அவள் கேட்கும்போதே ஊற்றிவிட்டாள். ஜன்னல் விளிம்பில் வரிசையாக எங்கள் சோள டப்பாக்கள் நின்றன. வண்ணத் தாள்கூடக் கிழியவில்லை. ஒவ்வொன்றிலும் சிவப்பு ஜெரேனியம் பூத்திருந்தது.

"சோளம் எப்படி இருந்துச்சு?" என்று கேட்டார் செல்மர்.

"மோசமில்ல."

அதற்குப் பிறகு பனியைப் பற்றிப் பேசினார்கள். ஆட்டைப் பற்றி, படகு நேரத்தைப் பற்றி. ஒருவர் முகத்தை ஒருவர் நேராகப் பார்க்கவில்லை, குனிந்தபோது மட்டும் திருட்டுத்தனமாகப் பார்த்துக்கொண்டார்கள். சுவர்க் கடிகாரம் ஓடியது. கடைசியில் செல்மர் தொப்பியைத் தேடினார். "அப்ப நாங்க கிளம்பறோம்" என்று எழுந்தே விட்டார். மேசைக்கு அடியில் அவர் கணுக்காலில் உதைத்தேன், சிகாகோ உதை. மறுபடி உட்கார்ந்தார்.

தொப்பியைச் சுற்றிச் சுற்றித் திருப்பினார். "குன்வோர், உனக்குச் சிரமம் இல்லேன்னா... ஒருவேளை உனக்கு இஷ்டம் இருக்காது... எங்ககூட வந்து இருக்கியா?"

இவள் வேண்டாம் என்பாள், இவர் சரி என்று எழுந்துவிடுவார். கதவை மறித்துக்கொண்டு நிற்பது என்று முடிவு செய்துகொண்டேன்.

"வர்றேன்" என்றாள் குன்வோர்.

செல்மர் அதைக் காதிலேயே வாங்கவில்லை. அடுத்ததைத் தொடங்கிவிட்டார். "இல்ல, வீடு பெரிசு, தனி ரூம் இருக்கு, உன்னை யாரும்..."

"வர்றேன்னு சொன்னேனே."

அவர் வாய் திறந்தபடி நின்றது. "கேட்டதும் ஒடனே சொல்லிட்டியே!"

"ஒடனேயா?" என்றாள் அவள். "ரெண்டு தடவை லெட்டர்ல கேட்டே. இது மூணாவது."

அவருடைய கோப்பையை அவர் பக்கம் நகர்த்தி வைத்தாள். "ஆறுது, குடி." பிறகு எழுந்து ஜன்னல் பக்கம் போய், வெளியே மேய்கிற ஆடுகளைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"ஆடுங்களை யார்கிட்ட விடறதுன்னுதான் யோசிக்கணும். பக்கத்துப் பண்ணை நீல்ஸ்கிட்ட உன் லெட்டர் வந்தப்பவே பேசி வெச்சிருந்தேன், நான் போகும்போது நீ எடுத்துக்கோன்னு. அவன் செத்துப் போயிட்டான். இனிமே அவன் பேரன்கிட்டதான் கேக்கணும்."

செல்மர் தொப்பியால் முகத்தை மூடிக்கொண்டு அழுதார்.